தாண்டியவரும் நிமிர்த்தி வைத்தவரும்

வலியசாலையில் எங்கள் தெருவுக்கு ஒரு கர்னல் கிடைத்து இரண்டு வருடமாகிறது. புதிதாக வந்து இறங்கியவர் அல்ல. இதே தெருவில் பிறந்து, இதே தெருவில் மூக்கொழுகத் திரிந்து, பட்டாளத்துக்குப் போய், முப்பத்துமூன்று வருடம் கழித்து நரைத்த மீசையோடும் பூனாக்கார மனைவியோடும் திரும்பி வந்திருக்கும் குற்றாலலிங்கம்தான் அவர். அவர் வீட்டு மொட்டைமாடி என் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே. நான் எட்டிப் பார்ப்பதில்லை. ஜன்னல் அங்கே இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன், அவ்வளவுதான்.

அவருக்கு நாலு வீடு தள்ளி ஸ்ரீகண்டன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓர் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்து, முப்பது வருடத்துக்கு மேல் ஃபைல் தள்ளி, போன வருடம் ஓய்வு பெற்றவர். வயிறு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. நடை மட்டும் இன்னும் யாரோ பின்னால் துரத்துவதுபோல இருக்கும். கர்னலும் அவரும் ஒரே கல்லூரி, ஒரே என்.சி.சி., ஒரே சைக்கிள். ஆனால் கர்னல் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஸ்ரீகண்டன் பால் வாங்கப் போகும் வழியை மாற்றிக்கொண்டார். எதிர்ப்பக்கமாக இறங்கி, கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு பிச்சைக்கனியின் டீக்கடைக்கு வருவார். கூடுதலாக அரைக் கிலோமீட்டர். ஒரு கோபத்துக்காகத் தினமும் இவ்வளவு நடக்கிற மனுஷரை நான் வேறு கண்டதில்லை.

பழைய கோபம், போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஸ்ரீகண்டனின் மகள் அனுஷா குறுக்கே வந்துவிட்டாள்.

அனுஷா நானூறு மீட்டர் தடையோட்டத்தில் மூன்று வருடம் யூனிவர்சிட்டி சாம்பியன். அப்பாவின் கால், அப்பாவின் பிடிவாதம். ராணுவத்தில் அதிகாரியாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். போன வருடம் பெங்களூரில் ஐந்து நாள் தேர்வுக்குப் போனாள். ஐந்தாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த ஜூலையில் மறுபடி அழைப்பு வந்தது. செப்டம்பரில் தேர்வு. வயதுக் கணக்குப்படி இதுதான் கடைசி. இதுவும் போனால் பேங்க் பரீட்சை, பிறகு கல்யாணம், பிறகு என்னைப் போல ஜன்னல்.

எதிர்மாடியில் கர்னல் சனி, ஞாயிறு காலைகளில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு அதே தேர்வுக்குத்தான் பயிற்சி கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை. சாலைக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு வடம், ஒரு பலகை, ஒரு நீலப் பீப்பாய், இவ்வளவுதான் பள்ளிக்கூடம். அங்கே பழகிய மூன்று பேர் இதற்குள் தேறிப் போய்விட்டார்கள். அனுஷா தன் வீட்டு மாடியில் துணி காயப்போடும் சாக்கில் அந்தப் பீப்பாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நனையாத துணியை அவள் காயப்போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்பாவிடம் கேட்டும் பார்த்தாள். அவர் சொன்ன பதில் எங்கள் அடுக்களை வரை கேட்டது.

“அவன் வீட்டுப் படி ஏறணும்னா ஏறிக்கோ மோளே. பின்னே என் வீட்டுப் படி ஏறாண்டாம்.”

“அப்பா, இது லாஸ்ட் சான்ஸாக்கும்.”

“நீ சாம்பியன். பேப்பர்ல படம் வந்தவ. விளையாட்டுக்காரிக்கு உள்ள தைரியம் வேற யாருக்கு உண்டு? கிரவுண்டு மிதிக்காதவனை எல்லாம் ஆபீசராக்கினா பட்டாளம் தாலுக்கா ஆபீசாயிரும். ஹர்டில் எடுத்து வச்சவன்கிட்ட உனக்கு என்ன படிக்க இருக்கு?”

ஹர்டில் எடுத்து வைத்தவன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. அதைச் சொல்ல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதுக்குப் போக வேண்டும். போகச் சொன்னால் எனக்கு வலிக்காது.

அந்தக் காலத்தில் பாளையத்தில் யூனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் போட்டி என்றால் எங்கள் தெருவே கதவைப் பூட்டிக்கொண்டு போகும். தூக்குவாளியில் சுக்குக்காப்பி, பேப்பர் பொட்டலத்தில் முறுக்கு. வெயில் இறங்குகிற நேரத்துக்கு ஸ்ரீகண்டனின் ஓட்டம் வரும். சிவப்பு பனியன், வெள்ளை நிக்கர், நெற்றியில் விழுகிற முடி. பத்துத் தடையையும் அவர் தாண்டுவது ஏதோ வீட்டு வாசற்படியைத் தாண்டுவதுபோல இருக்கும். தெருப் பெண்கள் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து “ஸ்ரீகண்டண்ணா! ஸ்ரீகண்டண்ணா!” என்று தொண்டை கட்டும்வரை கத்துவோம். வாயால் அண்ணன் என்று சொன்னோம். அது வாயோடு நின்றது. எனக்கு அப்போது இருபது வயது. அந்த ஸ்டேடியத்தின் மண்வாசனையும் முறுக்கின் எண்ணெய் வாசனையும் கலந்து இப்போதும் சில சாயங்காலங்களில் வரும். எங்கிருந்து வருகிறது என்று மூக்கை நீட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

குற்றாலலிங்கமும் அதே மைதானத்தில் இருப்பார், உற்றுப் பார்த்தால். ஓட்டத்துக்குரிய கால் அவருக்கு வாய்க்கவில்லை. தடைகளை டேப் வைத்து அளந்து நிறுத்துவது, யார் கால் பட்டாவது விழுந்தால் ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பது, ஸ்ரீகண்டனின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முடிவுக்கோட்டில் நிற்பது, இதெல்லாம் அவர் வேலை. எதிர்க் கல்லூரிப் பையன் தடுக்கி விழுந்தாலும் முதலில் ஓடுவது அவர்தான். தெருவில் அவருக்கு எக்ஸ்ட்ரா என்று பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரை வைத்தது யார் என்று இப்போது கிளற வேண்டாம்.

அந்த வருடம் இரண்டு பேருக்கும் ராணுவ அதிகாரித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. ஒரே தேதி, அதே பெங்களூர். ஸ்ரீகண்டனுக்கு வந்தது தெருவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. லிங்கத்துக்கு வந்தது, கூட ஒருத்தன் வேண்டுமே என்று வந்ததாக எடுத்துக்கொண்டோம். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பட்டாளத்தின் பராமரிப்பில் இருப்பது. ஆகவே பட்டாள விஷயங்களில் அந்தப் பிள்ளையாருக்குத் தனிச் செல்வாக்கு உண்டு என்பது எங்கள் தெருவின் தீர்மானம். ஸ்ரீகண்டன் பேரில் நூற்றொரு தேங்காய் உடைத்தோம். லிங்கத்தின் அம்மா தனியாகப் போய் ஒன்று உடைத்துவிட்டு வந்தாள்.

போய்ப் பத்து நாளாகியும் சேதி இல்லை. தெருவில் போன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். அப்பாவுக்குத் தொலைபேசி இலாகாவில் வேலை. தெருவின் சாவும் பிறப்பும் பெண்பார்ப்பும் என் காது வழியாகத்தான் உள்ளே வரும், வாய் வழியாகத்தான் வெளியே போகும். சனிக்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. பெங்களூரிலிருந்து லிங்கம்.

“சரோஜம், நாளைக்குக் காலத்த ஐலண்டு எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்குதோம். ரெண்டு வீட்டுலயும் சொல்லிரு.”

“என்னாச்சு? கிடைச்சுதா?”

“ஒருத்தனுக்குக் கிடைச்சு. ஒருத்தனுக்குக் கிடைக்கல்ல. வந்து நேர்ல சொல்லுதோம். அவன் பூத்துக்கு வெளிய நிக்கான். வைக்கேன்.”

வைத்துவிட்டார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லவும் வேண்டுமா? ஒருவனுக்குக் கிடைத்தது என்றால் அது யாராக இருக்கும்? ஒருவர் பத்துத் தடை தாண்டுகிறவர், மற்றவர் அதைத் தூக்கி வைக்கிறவர். நான் படியிறங்கும்போதே தெருவுக்குக் கேட்கும்படி சொன்னேன்: “ஸ்ரீகண்டண்ணனுக்குக் கிடைச்சாச்சு! லிங்கண்ணன் போன் பண்ணிச் சொன்னாரு!”

மறுநாள் காலை தம்பானூர் ஸ்டேஷனில் எங்கள் தெரு முழுக்க நின்றது. கிழக்கேகோட்டையில் சொல்லிக் கட்டிய ஆளுயர ரோஜா மாலை. இரண்டு செண்டை மேளக்காரர்கள். வண்டி நின்றது. ஸ்ரீகண்டன் வாசலுக்கு வந்தார். கால் பிளாட்பாரத்தில் படுவதற்கு முன்னே மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. செண்டை முழங்கியது. அவருடைய அப்பா கட்டிப்பிடித்து அழுதார். ஸ்ரீகண்டன் ஏதோ சொல்ல வாய் திறந்ததை நான் பார்த்தேன். பின்னால் இரண்டு பெட்டியோடு இறங்கிய லிங்கம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தியதையும் பார்த்தேன். செண்டை அடிக்கிறவனுக்கு இதெல்லாமா கணக்கு? வலியசாலை வரை ஊர்வலம். லிங்கத்தின் அப்பா மகனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசியில் நடந்து வந்தார். தேறியது தன் மகன் என்பது அவருக்கும் தெரியாது.

வீட்டு வாசலில் தன் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றபோதுதான் ஸ்ரீகண்டன் மாலையைக் கழற்றினார்.

“நிறுத்துங்க. எனக்கில்ல. லிங்கத்துக்குத்தான் கிடைச்சுது.”

முதல் செண்டை நின்றது. இரண்டாவது ஆள் காது மந்தம், இன்னும் நாலு அடி அடித்துவிட்டு நிறுத்தினார்.

ஸ்ரீகண்டன் திரும்பி லிங்கத்தைப் பார்த்தார். “நீதானே பூத்துக்குள்ள போய்ப் பேசினே? என்ன சொன்னே இவங்ககிட்ட?”

லிங்கம் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். என் கையில் பூத்தட்டு. நான் குனிந்து பூக்களை எண்ணத் தொடங்கினேன்.

“நான் சரியாச் சொல்லல்லடே,” என்றார் லிங்கம். “தப்பு என்னுது.”

“பரிகாசத்துக்குன்னே செய்தியாடே?”

“இல்லடே. தப்பாப் போச்சு. க்ஷமிக்கணும்.”

ஸ்ரீகண்டன் க்ஷமிக்கவில்லை. அதற்குப்பின் லிங்கத்தோடு பேசவில்லை. தேர்வுக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் இல்லை, ஸ்டேடியம் பக்கம் போகவும் இல்லை. லிங்கம் சென்னைக்குப் பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் அவர் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். “லிங்கண்ணா, நான் சொல்லிரட்டா?” என்று கேட்டேன். கேட்கும்போதே வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“விடு சரோஜம். எனக்குப் போறதுக்கு ஒரு இடம் இருக்கு. நீ இஞ்சதானே கிடக்கணும்,” என்றார்.

ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும், என் உபயத்தில். இந்த ஒரு விஷயம் மட்டும் முப்பத்தாறு வருடம் வரவில்லை.

இந்த ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் கொடியேற்றம். கர்னல்தான் ஏற்றினார். ஸ்ரீகண்டன் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வராவிட்டால் பயந்துவிட்டதாகச் சொல்வார்களே என்று. செயலாளர் வீரபாண்டிக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை. மைக் கையில் கிடைத்தால் அவரிடமிருந்து அதைப் பிடுங்க ஆள் வர வேண்டும்.

“சாரே, நம்ம தெருவுல எப்பவும் ஒரு தர்க்கம் உண்டு. காலேஜ்ல விளையாடினவங்கதான் பட்டாளத்துல நல்ல ஆபீசராவாங்கன்னு. உள்ளதா, பொய்யா?”

கர்னல் தொப்பியைக் கழற்றி வைத்தார். “பாதி உள்ளது. ஓடிப் பழகினவன் மூச்சு வாங்கினாலும் நிக்க மாட்டான். தோத்தாலும் மறுநாள் கிரவுண்டுக்கு வருவான். அது சின்னக் காரியமில்ல. எனக்குக் கீழ இருந்த பையன்மாருல நல்லவங்க பலரும் ஏதாவது ஆடினவங்கதான்.”

“அப்ப மத்த பாதி?”

“தான் ஒருத்தன் முதல்ல வர்றதுக்கே ஓடிப் பழகியிருப்பான். முப்பது பேரைக் கூட்டிக்கிட்டு அவங்க வேகத்துக்கு நடக்கப் பின்னே படிக்கணும். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. ஓடாதவனுக்கும் அப்படித்தான்.”

பின்னால் நாற்காலி விழுந்த சத்தம். ஸ்ரீகண்டன் எழுந்து நின்றிருந்தார்.

“தோத்தாலும் மறுநாள் வருவானாம்! கூட வந்தவனை நடுத்தெருவுல நாணங்கெடுத்தினவன் சொல்லுதான், கேட்டுக்கோங்க!”

லட்டு வாங்காமலே போய்விட்டார். அனுஷா அப்பாவின் பின்னால் போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் நின்றாள். கர்னல் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். முப்பத்தாறு வருடத்துக்கு முன் பார்த்ததுபோலவே ஒரு நொடி என் பக்கம் பார்த்தார். நான் லட்டை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அன்று மத்தியானமே அனுஷா என் வீட்டுக்கு வந்தாள். அழுத கண்.

“ஆன்ட்டி, போன தடவை எனக்கு எதுனால கிடைக்கல்லன்னு தெரியுமா? அங்க கமாண்ட் டாஸ்க்னு ஒண்ணு உண்டு. ஒவ்வொருத்தரும் ஒரு தடவை லீடர். வடம், பலகை வச்சு ஒரு தடையைக் கடக்கணும். கூட வேலை செய்ய குரூப்புல ரெண்டு பேரை நாமளே பேர் சொல்லிக் கூப்பிடணும். என்னை ஒருத்தரும் கூப்பிடல்ல, ஆன்ட்டி. ஒருத்தர்கூட. நல்லா செய்தவங்களை நாலு தடவை, அஞ்சு தடவை கூப்பிட்டாங்க.”

“நீதானே அதுல எல்லாரையும்விட நல்லா ஓடுவே?”

“அதுதான். முந்தின டாஸ்க்ல எல்லாம் நான்தான் முதல்ல அக்கரைக்குச் சாடித் தாண்டினேன். பின்னால வர்றவங்க வந்தாங்களா, விழுந்தாங்களான்னு திரும்பிப் பாக்கல்ல. அப்பாகிட்ட சொன்னா, அசூயை, அதான் கூப்பிடல்லன்னு சொல்லுது.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கர்னல் அங்கிள் மாடியில அதைத்தான் படிப்பிக்குது. நான் பாத்துக்கிட்டே நிக்கேன். இவங்க ரெண்டு பேருக்கும் எந்தா ப்ரச்னம், ஆன்ட்டி? உங்களுக்குத் தெரியாத காரியம் இந்தத் தெருவுல உண்டா?”

குழந்தை குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குக் கோயில் குளத்துப் பக்கம் போய் நின்றேன். ஸ்ரீகண்டன் இரண்டு பால் பாக்கெட்டோடு சுற்றி வந்துகொண்டிருந்தார்.

“அண்ணா, ஒரு நிமிஷம்.”

“பால் கெட்டுப்போகும் சரோஜம். எந்தா, யாரு வீட்டுல யாரு ஓடிப்போனா?”

“என் விசயம்தான். அன்னைக்கு லிங்கண்ணன் போன்ல உங்க பேரைச் சொல்லல்ல.”

அவர் நின்றார்.

“யாரு பேரையும் சொல்லல்ல. ஒருத்தனுக்குக் கிடைச்சு, ஒருத்தனுக்கு இல்லன்னு மட்டும்தான் சொன்னாரு. வந்து சொல்லுதோம்னாரு. உங்களுக்குத்தான்னு தெருவுல போய்ச் சொன்னது நானாக்கும். மாலை கட்டச் சொன்னதும் நான்.”

“பின்னே அவன் தப்பு என்னுதுன்னானே?”

“என்னைப் பாத்துட்டுச் சொன்னாரு. நான் வாயைத் திறக்கல்ல.”

பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்ப்பது வசதியாக இருந்தது.

“உனக்கு எதுக்கு அப்படித் தோணிச்சு? எனக்குத்தான்னு?”

“உங்க ஓட்டத்தைப் பாத்தவளுக்கு வேற என்ன தோணும்?” என்றேன். அது முழுப் பதிலில்லை. மீதியை இந்த வயதில் குளத்தங்கரையில் நின்று சொல்ல முடியாது.

“ஊர்ல எவன் வீட்டுல தோசை கரிஞ்சாலும் மைக் வச்சுச் சொல்லுவே. இது ஒண்ணு மட்டும் உன் வாய்க்குள்ள நின்னுதா? முப்பத்தாறு வருஷமா?” கத்தினார். குளத்தில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கத்தட்டும் என்று நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. குளத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

“சரோஜம், நான் ஒண்ணு சொல்லுதேன். இதையும் தெருவுல சொல்லிராதே.”

“சொல்லல்ல.” உண்மையாகவே இதுவரை தெருவில் சொல்லவில்லை. எழுதுவது வேறு.

“கமாண்ட் டாஸ்க்ல லிங்கம் முதல்ல என்னைத்தான் கூப்பிட்டான். பலகையை எப்படி வைக்கணும்னு அவன் சொல்லத் தொடங்கினான். நான் கேக்கல்ல. பிடுங்கிட்டு நானே சாடினேன். அவன் தடையில அவனையே ஒதுக்கிட்டு நானே முடிச்சேன். பின்னே என் முறை வந்துது. அவன் ஒரு அடி முன்னால வந்து நின்னான், நான் கூப்பிடுவேன்னு. நான் உயரமா ரெண்டு பஞ்சாபிப் பையன்மாரைக் கூப்பிட்டேன்.” அவர் பால் பாக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டார். “மத்த எல்லாருமே அவனைக் கூப்பிட்டாங்க. ஒருத்தன் விடல்ல. அஞ்சாம் நாள் தேறினது இவன்னு அவன் நம்பரை விளிச்சப்போ எனக்கு ஆச்சரியமே வரல்ல. அதுதான் சகிக்க முடியல்ல.”

“அன்னைக்கே கிளம்பி வந்திருக்கலாமே?”

“வரலாம். உங்க எல்லாரோட முகத்தைத் தனியாப் பாக்கத் தைரியம் வேணுமே. அவனுக்கு மெடிக்கல் முடியற வரைக்கும் லாட்ஜுல கிடந்தேன். சாம்பியன்!” சிரிக்க முயன்றார். “உள்ளதைச் சொன்னா, அந்த மாலை எனக்கு உபகாரமாத்தான் போச்சு. கோபப்பட ஒரு காரணம் கிடைச்சுது. இல்லன்னா வெக்கப்பட்டுக்கிட்டே இருந்திருக்கணும்.”

நான் அனுஷா சொன்னதைச் சொன்னேன். ஒருத்தரும் கூப்பிடாததை, அவள் திரும்பிப் பார்க்காததை. அவர் பால் பாக்கெட்டைச் சுவரில் வைத்தார்.

“அசூயைன்னு சொன்னேன் அவகிட்ட,” என்றார். “எனக்குத் தெரிஞ்ச ஒரே பாடத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுக்காம, அசூயைன்னு சொன்னேன்.”

அடுத்த சனிக்கிழமை காலை ஸ்ரீகண்டன் சுற்றிப் போகவில்லை. நடுத்தெருவில் நேராக நடந்தார். பின்னால் டிராக் சூட்டில் அனுஷா. நான் ஜன்னலில் இருந்தேன், இருந்ததற்காக வருத்தப்படவும் இல்லை. இரண்டு பேரும் எதிர்மாடிக்கு ஏறினார்கள். பிள்ளைகள் வடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கர்னல் நிமிர்ந்து பார்த்தார். ஸ்ரீகண்டன் தொண்டையைச் செருமினார். ஒரு பிரசங்கமே தயார் செய்துகொண்டு வந்திருந்தார் என்று அந்தச் செருமலிலேயே தெரிந்தது.

“வந்தியா?” என்றார் கர்னல். “அந்தப் பலகைக்கு ஒரு ஆள் குறையுது. அந்த முனையைப் பிடி.”

பிரசங்கம் அப்படியே நின்றுவிட்டது. ஸ்ரீகண்டன் குனிந்து பலகையைப் பிடித்தார்.

“மோளே, நீதான் கமாண்டர்,” என்றார் கர்னல். “சிவப்பு வரைஞ்ச இடத்துல கால் படக் கூடாது. ரெண்டு பேரைக் கூப்பிடு.”

அனுஷா சுற்றிப் பார்த்தாள். கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப் பெண்ணைக் கூப்பிட்டாள். பிறகு, “அப்பா,” என்றாள்.

பலகையைப் பீப்பாய்மேல் வைத்ததும் ஸ்ரீகண்டனின் வலது கால் தானாகவே முன்னால் போனது. முப்பத்தாறு வருடம் கழித்தும் அந்தக் கால் மறக்கவில்லை.

“அப்பா, நில்லுங்க. முதல்ல அவ போகட்டும். நான் சொன்ன பிறகு வாங்க.”

அவர் நின்றார். கால் பாதி தூக்கிய நிலையில், வயிறு வடத்தில் இடிக்க, அந்த ஒல்லிப் பெண் தவழ்ந்து தவழ்ந்து அக்கரை சேரும்வரை நின்றார். நான்கு நிமிடம் இருக்கும். அவர் அவ்வளவு நேரம் அசையாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. கர்னல் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்து வாரம் இப்படி நடந்தது. செப்டம்பர் கடைசியில் அனுஷா போனாள். ஐந்து நாள் தேர்வு, அதன்பின் மெடிக்கல். அவளுக்குக் கிடைத்தது. அவள் குழுவிலிருந்து தேறியவர்கள் இரண்டே பேர்.

திரும்பி வந்த அன்று பிச்சைக்கனியின் கடையில் கர்னலும் ஸ்ரீகண்டனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பால் வாங்கப் போயிருந்தேன். பால் வாங்க எனக்கு அன்று முக்கால் மணி நேரம் ஆயிற்று.

“அஞ்சு பேர் என்னைக் கூப்பிட்டாங்க அங்கிள்,” என்றாள் அனுஷா.

ஸ்ரீகண்டன் கண்ணாடித் தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். “கூப்பிடாம? யூனிவர்சிட்டி சாம்பியன்னு தெரிஞ்சா எவன் கூப்பிட மாட்டான்?”

“அவங்களுக்குத் தெரியாதுப்பா. நான் சொல்லவே இல்ல.”

“சொல்லவே இல்லியா?” அவருக்கு மகள் தேறாமல் வந்திருந்தால்கூட இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. “மூணு வருஷம் மெடல் வாங்கினவ, ஒரு வார்த்தை சொல்லல்லியா?” கர்னல் பக்கம் திரும்பினார். “நீதானே சொல்லாண்டாம்னு படிப்பிச்சே?”

“நான் ஒண்ணும் படிப்பிக்கல்லடே.”

“என்னதானாலும் அவ ஓடினவ. அதனாலதான் கிடைச்சுது. வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்திட்டுத் தாறேன்.”

“அப்ப கூடத் தேறின மத்த பிள்ளை?” என்றார் கர்னல். “ஒற்றப்பாலத்துக்காரி. லைப்ரரி சயன்ஸ். ஆயுசுல ஒரு ரவுண்டு ஓடினதில்லையாம். அவளுக்கு எதனால கிடைச்சுது?”

பிச்சைக்கனி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஸ்ரீகண்டன் யோசித்தார். நெற்றியில் இப்போது முடி இல்லை, ஆனால் அதை ஒதுக்குகிற கை அப்படியே எழுந்தது.

“அவ எங்கேயோ ஒளிச்சு ஓடியிருப்பா லிங்கம். நீ நல்லா விசாரி.”